மழை நாளில் மண்ணின் மேல் என்ன இருக்கிறது?

ஆடி மழை கொஞ்சம் ஓய்ந்த மறுநாள் நீலகிரியில் எமரால்டு பக்கம் போகிறவர்கள் இரண்டு ஓடைகளைப் பார்க்கலாம். ஒன்று சோலைக்குள்ளிருந்து வருவது. முழங்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். மற்றொன்று காய்கறித் தோட்டங்களின் நடுவே இறங்கி வருவது. பால் அதிகம் விட்ட தேநீரின் நிறம். கையை விட்டால் விரல் தெரியாது. இரண்டு ஓடைக்கும் ஒரு மைல் தூரம்கூட இராது. பெய்தது ஒரே மழை, மலையும் ஒரே மலை.

"மழை பலம் சார், அதான் மண்ணு போயிடுச்சு" என்று எல்லோரும் மழையின் மேல் பழியைப் போடுகிறார்கள். மண் பாதுகாப்பு ஓவர்சியராக, மட்டம் பார்க்கும் டம்பி லெவலைத் தோளில் சுமந்துகொண்டு இந்தச் சரிவுகளில் ஏறி இறங்கியே எனக்குத் தலை நரைத்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மண் போவதற்கு மழையின் அளவு மட்டும் காரணமாகாது. மழை விழுகிற நாளில் அந்த மண்ணின் மேல் என்ன இருந்தது என்பதுதான் கணக்கு. புல்லா, சருகா, செடியா, அல்லது நேற்றுக் கொத்திப் பொலபொலவென்று விட்ட வெறும் தரையா? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் தாவரம், தட்பவெப்பம், நிலப் பயன்பாடு மூன்றும் அடங்கியிருக்கின்றன.

ஒரு துளியின் வேலை

மண் அரிப்பு என்றதும் வெள்ளம்தான் நினைவுக்கு வரும். ஆனால் வேலையைத் தொடங்கி வைப்பது வெள்ளத்துக்கு முன் விழும் துளி. பெரிய மழைத்துளி தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 9 மீட்டர் வரை இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். அது வெறும் மண்ணில் மோதினால் மண்கட்டி உடைந்து பொடியாகித் தெறிக்கிறது. தெறிக்கும் மண் இரண்டடி உயரம்வரை எழும், நாலைந்தடி தள்ளிப்போய் விழும். சரிவான நிலத்தில் மேல்பக்கம் தெறிப்பதைவிடக் கீழ்ப்பக்கம் தெறிப்பது தூரம் போகும். இப்படியே லட்சக்கணக்கான துளிகள் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கீழே நகர்த்துகின்றன. உடைந்த பொடி மண்ணின் நுண்துளைகளையும் அடைத்துவிடுகிறது. அதன்பின் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை, மேலேயே ஓடுகிறது. ஓடுகிற தண்ணீர் பொடியை வாரிக்கொண்டு போகிறது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் பலத்த மழை முடிந்ததும் கேரட் விதைத்த வயலில் குனிந்து உட்காருங்கள். சின்னச் சின்ன மண் தூண்கள் நிற்கும். ஒவ்வொன்றும் விரல் நுனி உயரம் இருக்கும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொடிக்கல் உட்கார்ந்திருக்கும். கல் இருந்த இடத்தில் துளியின் அடி மண்ணுக்குப் படவில்லை. சுற்றியிருந்த மண் மட்டும் போய்விட்டது. தூணின் உயரம் எவ்வளவோ, அந்த மழையில் அந்த இடம் இழந்த மண் ஏறக்குறைய அவ்வளவு. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேல் போதும். அந்தப் பொடிக்கல் செய்த வேலையைத்தான் புல்லும் சருகும் ஏக்கர் கணக்கில் செய்கின்றன.

இங்கே பலர் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. உயரமான மரம் இருந்தால் மட்டும் மண் தப்பிவிடாது. இலையில் சேர்ந்து சொட்டும் துளி சாதாரண மழைத்துளியைவிடப் பெரியது. இருபது முப்பது அடி உயரத்திலிருந்து விழுந்தால் அது இழந்த வேகத்தில் பெரும்பகுதியை மறுபடியும் பிடித்துவிடுகிறது. மரத்தடியில் சருகும் பூண்டும் இல்லாமல் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தால் மரம் நின்றும் பயனில்லை. அகல இலை கொண்ட தேக்குத் தோப்புகளில் சருகை எரித்துவிட்டால் அடிமண் அரிபடுவது இதனால்தான். மண்ணைக் காப்பது தலைக்கு மேல் உள்ள பச்சையைவிட, தரையோடு தரையாகக் கிடக்கும் குப்பை.

39 டன்னும் 1 டன்னும்

உதகமண்டலத்தில் 1954 முதல் மத்திய அரசின் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. நூறு அடிக்கு 25 அடி இறங்கும் சரிவில் உருளைக்கிழங்கை மேலிருந்து கீழாகப் பார் பிடித்து நட்டால் என்ன ஆகும் என்று அங்கே அளந்து பார்த்தார்கள். ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 39 டன் மண் போனது. அதே சரிவைப் படிக்கட்டு போல வெட்டிச் சமன் செய்து பயிரிட்டபோது இழப்பு 1 டன் அளவுக்கு இறங்கிவிட்டது.

டன் கணக்கு விவசாயிக்குப் பிடிபடாது என்பதால் நான் யூனிட்டில் சொல்வேன். வீடு கட்டுகிறவர்கள் மணலை அளக்கிறார்களே, அந்த நூறு கனஅடி யூனிட். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் அது ஏறக்குறைய ஒன்றரை யூனிட். ஹெக்டேருக்கு 39 டன் என்பது ஏக்கருக்கு நாலு யூனிட்டுக்கு மேல். அவ்வளவு மண்ணை இரவோடு இரவாக யாராவது லாரியில் அள்ளிக்கொண்டு போனால் காவல் நிலையத்துக்கு ஓடுவோம். மூன்று மில்லிமீட்டராக மெல்லிசாகச் சீவிக்கொண்டு போவதால் யாருக்கும் தெரிவதில்லை. போவதும் அடிமண் இல்லை. மக்கும் உரமும் கலந்த மேல்மண்தான் முதலில் போகிறது. பாறை மக்கி ஓர் அங்குல மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். அதனால் மேலே கோழி எருவும் உர மூட்டையும் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது.

படி வெட்டினால் தீர்ந்தது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிடலாம். கொல்லையில் நிற்கிறவரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு பெரியவர், படுகர், உருளைக்கிழங்கிலேயே வளர்ந்தவர், என்னிடம் வெளிப்படையாகக் கேட்டார்.

"குறுக்கே பார் போட்டா தண்ணி நின்னு கிழங்கு அழுகிடும் சார். உங்களுக்கு மண்ணு போகக் கூடாது, எனக்குக் கிழங்கு போகக் கூடாது. இப்ப என்ன பண்ணலாம் சொல்லுங்க."

"தண்ணி நிக்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம் கவுடரே. நடக்கட்டும்" என்றேன்.

பாரைச் சரிவுக்குக் குறுக்கே போட்டு, ஒரு பக்கமாக மிக லேசான வாட்டம் கொடுத்து, அந்தப் பக்கத்தில் புல் வளர்த்த வடிகால் ஒன்றை விட்டால் தண்ணீர் தேங்காது, பாயவும் பாயாது. இந்த மழைப் பிரதேசத்தில் படிகளையும் உள்பக்கமாகச் சாய்த்து வெட்டுவதுதான் முறை. உள்பக்கம் வந்த தண்ணீர் வாய்க்கால் வழியாக மெதுவாக வெளியேறும். பெரியவர் பாதி நிலத்தில் மட்டும் சம்மதித்தார். மறுபாதி குத்தகை நிலம். "அடுத்த வருசம் யார் கையில இருக்குமோ, அதுக்கு நான் எதுக்குச் செலவு பண்ணணும்?" என்றார். எந்த ஆராய்ச்சி அறிக்கையைவிடவும் அந்தக் கேள்வி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. வருடக் குத்தகைக்காரர் கல் வரப்பு கட்ட மாட்டார். நில உரிமையும் மண் அரிப்புக்கு ஒரு காரணம்.

புல், சோலை, கற்பூர மரம்

நீலகிரியின் உச்சியில் இயற்கை அமைத்து வைத்தது புல்வெளியும் சோலையும் சேர்ந்த ஏற்பாடு. மேட்டிலும் முகட்டிலும் புல், பள்ளத்து மடிப்புகளில் சோலை, அதற்கும் கீழே சதுப்பு. புல்லின் வேர் மண்ணை வலை போட்டுப் பிடிக்கிறது. சோலைக்குள் பல அடுக்கு இலையும் பாசியும் சருகும் துளியின் வேகத்தை எடுத்துவிடுகின்றன. சதுப்பு தண்ணீரைப் பிடித்து வைத்து, மழை இல்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

வெள்ளைக்காரர்கள் வந்தபோது அந்தப் புல்வெளி வீணாய்க் கிடக்கும் தரிசாகத் தெரிந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். அவர் காலத்தில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வந்தன. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் வந்தது. சமவெளிக்காரர்கள் அதைத் தைல மரம் என்பார்கள், எங்கள் ஊரில் கற்பூர மரம். கூடவே வாட்டில். விறகுக்காகத் தொடங்கிய நடவு, சுதந்திரத்துக்குப் பின் ரேயான் கூழுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் புல்வெளியை விழுங்கியது.

அதன் விளைவை கிளென்மார்கனில் அளந்தார்கள். அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை அப்படியே புல்லும் சோலையுமாக விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் 1972இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுகளில் நட்ட பக்கத்து ஓடையில் வந்த நீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, கட்டையிலிருந்து மறுபடி தழைக்கவிட்ட இரண்டாவது பத்தாண்டில் இழப்பு 25 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டாம் சுற்றில் வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் மரம் இன்னும் வேகமாகத் தண்ணீரை உறிஞ்சியது.

"மரம் நடுவோம், மழை பெறுவோம்" என்ற பலகையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது கசக்கும். மொட்டைச் சரிவில் மரம் நட்டால் மண் நிற்கும் என்பது உண்மை. ஆனால் மண் நிற்பதும் ஓடையில் நீர் வருவதும் வேறு வேறு கணக்குகள். புல் இரண்டையும் செய்துகொண்டிருந்த இடத்தில் புல்லை அழித்து மரம் நட்டது லாபமில்லாத வியாபாரம். எந்த இடத்தில் எது இருந்ததோ, அது அங்கே இருப்பதே நல்லது.

தேயிலை, காய்கறித் தோட்டத்துக்கும் சோலைக்கும் நடுவில் நிற்கிறது. செடி நெருங்கிப் பந்தல் போல மூடிக்கொண்டால் மண்ணுக்குக் கவலையில்லை. ஆபத்து முதல் இரண்டு மூன்று வருடங்களிலும், நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டும்போதும்தான். கவாத்துக் குச்சியை விறகுக்குக் கட்டிக்கொண்டு போகாமல் வரிசைகளுக்கு நடுவே பரப்பிவிட்ட தோட்டத்துக்கும், சுத்தமாகத் துடைத்து வைத்த தோட்டத்துக்கும் ஒரே மழையில் வித்தியாசம் தெரியும்.

இரண்டு மழைக்கு நடுவே அறுவடை

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. ஜூன் முதல் தென்மேற்கு, மேற்கே கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானியை நனைக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு, கிழக்கே குன்னூர், கோத்தகிரியை அடிக்கும். உருளைக்கிழங்குக்கு மூன்று போகம்: ஜனவரி, பிப்ரவரியில் நடும் நீர்போகம், மார்ச், ஏப்ரலில் நடும் கார்போகம், ஆகஸ்ட், செப்டம்பரில் நடும் கடைபோகம்.

இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்போகச் செடி தென்மேற்கு மழை தொடங்கும்போது தழைத்து மண்ணை மூடியிருக்கும். அது பாதி நன்மை. பிறகு கிழங்கைத் தோண்டி எடுக்கிறோம். கிழங்கு எடுப்பதென்றால் நிலம் முழுவதையும் கிளறிப் போடுவது. அதே கையோடு அடுத்த நடவுக்கு மண்ணைப் பொடியாக்குகிறோம். ஐப்பசி மழை கிழக்குச் சரிவில் இறங்கும்போது செடி இன்னும் சிறியது, மண் புதிதாய்க் கிளறியது. கேரட் இன்னும் மோசம். விதை பொடி, முளைக்கவே இரண்டு வாரம் ஆகும், இலை மெல்லிசு. வருடத்தில் மண் எப்போது அதிகம் போகிறது என்று கேட்டால், நாம் அதை நிர்வாணமாக்கிய வாரத்தில் பெருமழை வந்தால்தான் என்று சொல்வேன்.

தட்பவெப்பத்துக்கும் அரிப்புக்கும் உள்ள தொடர்பு நேர்க்கோடாகப் போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் லாங்பைன், ஷும் என்ற இருவர் 1958இல் ஆறுகள் சுமந்துவரும் வண்டலைக் கணக்கிட்டார்கள். பாலைவனத்தில் வண்டல் குறைவு, ஏனென்றால் வாரிக்கொண்டு போக மழை இல்லை. நல்ல மழைக்காட்டிலும் குறைவு, ஏனென்றால் தாவரம் மண்ணைப் பிடித்திருக்கிறது. மிக அதிகம், இரண்டுக்கும் நடுவே உள்ள வறள் பகுதியில். மண்ணை அரிக்கும் அளவுக்கு மழை உண்டு, மண்ணை மூடும் அளவுக்குப் புல் இல்லை. மலைக்குக் கீழே தர்மபுரி, கோவைப் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கும் இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. கோடை முழுக்கக் காய்ந்து, ஆடுமாடு மேய்ந்து மொட்டையாகக் கிடந்த செங்காட்டில் விழும் முதல் கனமழைதான் பள்ளத்தைச் சிவப்பாக ஓட வைக்கிறது. மழைவளம் மிக்க நீலகிரியில் நாம் கேரட் பாத்தி போட்டு அதே வெறுமையைக் கையால் உண்டாக்கிவிடுகிறோம். மழையும் மழைக்காட்டு மழை, தரையும் வறண்ட நாட்டுத் தரை. இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது.

மழையும் மாறி வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். இறங்கும்போது மொத்தமாக இறங்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. கோயம்புத்தூர் நகரத்துக்கு ஒரு வருடம் முழுவதும் அவ்வளவு பெய்யாது. அந்த மழையில் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் பெய்து அந்தக் கணக்கையும் முறியடித்தது.

மண்சரிவும் மேல்மண் அரிப்பும் ஒன்றில்லை. கேத்தியில் நடந்ததைப் புல் நட்டு மட்டும் தடுத்திருக்க முடியாது. ஆழமாக மக்கிய மண் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கும் சரிவில், தண்ணீர் ஊறிப் பாரம் ஏறினால் மொத்தமாக வழுக்கும். ஆனால் அந்தச் சரிவின் அடிக்காலை ரோட்டுக்காகவும் வீட்டுக்காகவும் செங்குத்தாக வெட்டியதும், இயற்கை ஓடையை அடைத்ததும், ரோட்டுத் தண்ணீரைச் சிறுபாலத்தின் வழியாக ஒரே இடத்தில் கொட்டவிட்டதும் நாம். அங்கேயும் குற்றம் நிலத்தைப் பயன்படுத்திய விதத்தில்தான் இருக்கிறது.

கோவைக் குழாய் வரை

போன மண் எங்கே போகிறது? அவலாஞ்சி, எமரால்டு நீர் குந்தாவுக்கு வருகிறது. அங்கிருந்து பில்லூர், பவானி ஆறு, மேட்டுப்பாளையம், பவானிசாகர். கொழும்புத் திட்டத்தில் கனடா உதவியோடு கட்டப்பட்ட குந்தா மின்திட்டத்தின் அணைகள் இந்த வழியில்தான் இருக்கின்றன. குந்தா அணையிலும் பில்லூரிலும் சேறு தேங்கி நீர் நிற்கும் இடம் சுருங்கிவிட்டது. கோவைக்குக் குடிநீர் தரும் அணைகளில் பில்லூரும் ஒன்று. கேரட் வயலில் மூன்று மில்லிமீட்டர் போனது அந்த விவசாயிக்கு மட்டும் நட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்த கோவைவாசியின் குழாய்த் தண்ணீரிலும் அந்தக் கணக்கு வந்து சேர்கிறது. அணை கட்ட இடம் கிடைப்பதே அரிது. தூர்வாரும் செலவோ, மேலே மண்ணைப் பிடித்து வைக்கும் செலவைவிடப் பல மடங்கு.

நாடு முழுவதற்கும் 1983இல் போட்ட கணக்கின்படி இந்தியா ஆண்டுக்கு 533 கோடி டன் மண்ணை இழக்கிறது. சராசரியாக ஹெக்டேருக்கு 16 டன். அதில் 29 சதவீதம் கடலுக்குப் போகிறது, 10 சதவீதம் அணைகளில் படிகிறது, மீதி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்கிறது. நிலத்தின் வளம் கெடாமல் இருக்க ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 4.5 முதல் 11 டன் வரைதான் தாங்கும் என்பது நிபுணர்கள் வைத்திருக்கும் வரம்பு.

செய்யக்கூடியவை

மருந்து பெரிய ரகசியம் எதுவுமில்லை. மூன்று குச்சிகளை ஏ எழுத்து வடிவில் கட்டி, உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டால் சமமட்டக் கோடு குறிக்கும் கருவி தயார். கணவனும் மனைவியுமாக ஒரு காலை நேரத்தில் அரை ஏக்கருக்குக் கோடு போட்டுவிடலாம். அந்தக் கோட்டில் பார் பிடியுங்கள். சில பார்களுக்கு ஒரு வரிசை புல் விடுங்கள். வெட்டிவேர் மண்ணுக்கு வேலி; குவாட்டிமாலா புல்லாக இருந்தால் மாட்டுக்கும் தீனி. புல்லடியில் மண் தங்கித் தங்கி சில வருடங்களில் தானாகவே படி உருவாகும். தேயிலையில் வரிசைகளுக்கு நடுவே விட்டுவிட்டுக் குழி வெட்டுங்கள். எஸ்டேட்டுகளில் சில்ட் பிட் என்பார்கள். அதில் சேர்ந்த வண்டலை வருடத்துக்கு ஒருமுறை அள்ளிச் செடிக்கே போடுங்கள். கிழங்கு எடுத்த நிலத்தை மழைக்காலத்தில் வெறுமையாக விடாதீர்கள், களையாவது முளைக்கட்டும். பூண்டையும் சருகையும் எரிக்காதீர்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். குத்தகை விவசாயிக்கும் வரப்பு மானியம் கிடைக்கும்படி விதியைத் திருத்துங்கள். நிலச் சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது என்கிற நிலை இருக்கும் வரை சரிவான நிலத்தில் பாதி அப்படியேதான் கிடக்கும். மலையில் வீடு கட்ட நினைக்கிறவர்கள் சரிவை வெட்டுவதற்கு முன் தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது என்று ஒரு மழைக்காலம் முழுவதும் பொறுத்துப் பாருங்கள்.

மழை எவ்வளவு, எப்போது பெய்யும் என்பது நம் கையில் இல்லை. அது விழும்போது தரை மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது முழுக்க நம் கையில். ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் நிலத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். வெறும் மண் கண்ணில் படும் இடமெல்லாம் இந்த மழைக்குப் போகப்போகும் இடம். சருகோ வைக்கோலோ பரப்பி இப்போதே மூடிவிடுங்கள்.